வெர்னிஸ் கேட்ட சான்று

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவை ஆலைக்குள் நீராவி கண்ணை மறைத்தது. வெளியே ஓஹையோவின் பனி முழங்கால் உயரம். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியது. மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் ஈரத்தில் கல்லாய்க் கனத்து வண்டி வண்டியாக வந்தன. வெர்னிஸ் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து உதறி, துணியை அழுத்தித் தேய்க்கும் கொதி உருளைக்குள் விடுவோம். பதினோரு வருடமாக அவள் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

அன்று வியாழக்கிழமை. அவள் குடியிருக்கும் வாடகை வீட்டைச் சொந்தக்காரர் விற்கிறார். முதல் வாய்ப்பு அவளுக்குத்தான். முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தை நகராட்சியே தந்து உதவுகிறது. வங்கியும் கடனுக்குச் சம்மதித்துவிட்டது. ஒரு தாள்தான் பாக்கி: அவள் நிரந்தரத் தொழிலாளி என்று ஆலை தரும் சான்று. மறுநாள் வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் வீடு கைமாறிவிடும். அவளும் இரண்டு பெண்களும் வெளியேற வேண்டும்.

ஏழு மணிக்கு மேனேஜர் கெஸ்லர் அவளை மாடி அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"உங்க எல்லார் பேரும் போன மாசமே தற்காலிகப் பட்டியலுக்குப் போயிடுச்சே, வெர்னிஸ்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"கோபப்படாத. நிரந்தரம்னே எழுதித் தர்றேன். திங்கக்கிழமை பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வர்றாரு. உருளைக்கு முன்னால தடுப்புக் கம்பி இருந்துச்சு, ரோசெண்டோதான் கவனமில்லாம கையை விட்டான்னு சொல்லிடு."

பத்து நாள் முன்பு உருளை எங்களோடு வேலை செய்யும் ரோசெண்டோவின் மூன்று விரல்களைத் தின்றது. வேகம் கூட்டுவதற்காகக் கம்பியைக் கழற்றச் சொன்னவர் கெஸ்லர். உருளையிலிருந்து அவன் கையை இழுத்து எடுத்தவள் வெர்னிஸ்.

"அவனுக்குக் கை போச்சு, எனக்கு வீடு. அப்படித்தானே?"

"உன் பொண்ணுங்கள நெனச்சுப் பாரு. மத்தியானம் வரைக்கும் டைம்."

இறங்கும்போது வெர்னிஸ் இரும்புப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "சின்னவ சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட்னு முடிவே பண்ணிட்டா, டெஸ். நான் சரின்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்குடி."

காபி இடைவேளையில் எல்லாரிடமும் சொன்னேன்.

கொதிகலன் பார்க்கும் ஆர்வில் கோப்பையை வைத்தான். "பதினோரு வருஷம் வெந்தவ தற்காலிகமாம். அப்ப மேனேஜர் என்ன, இந்த ஆலையிலயே பொறந்தாரா?"

சிலர் சிரித்தார்கள். துணி மடிக்கும் பாஹூவா சிரிக்கவில்லை. "நானும் வீட்டு உதவி கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். இன்னிக்கு இவ வாயில பொய்யைத் திணிப்பாங்க, நாளைக்கு என் வாயில."

"என்னால நீங்க வேலையை இழக்க வேணாம்," என்றாள் வெர்னிஸ்.

"உன்னாலயா? கம்பி இல்லாத உருளைகிட்ட நாங்களுந்தான் நிக்கிறோம்," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்வில் உருளையை நிறுத்தினான். அந்த அமைதி காதை அடைத்தது. முப்பத்தொரு பேர் படியேறினோம்.

கெஸ்லர் எழுந்து நின்றார். "எல்லாரும் எதுக்கு? இது அவளோட சொந்த விஷயம்!"

"கம்பி இல்லை. அதத்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவேன்," என்றாள் வெர்னிஸ். "பதினோரு வருஷம் இங்க உழைச்சிருக்கேன். அதையும் எழுதிக் குடுங்க."

"நாங்களும் பார்த்தோம். நாங்களும் சொல்லுவோம்," என்றாள் பாஹூவா.

கெஸ்லர் தொலைபேசியை எடுத்து, என்ன செய்வதென்று கேட்கத் தலைமை அலுவலகத்தை அழைத்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. எங்களில் ஒருவரும் நகரவில்லை. கீழே, லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களும் வேலையை விட்டுவிட்டுப் படியேறத் தொடங்கினார்கள்.