மில் ஹோஸ்

காலை ஒன்பது மணிக்கே கௌதம்ராஜ் ராக்கப்பனின் பட்டறைக்கு வந்துவிட்டான். அவனுடைய சிவப்பு டர்போ கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. வண்டிக்கு வயசு இருபது ஆனாலும் மதுரை ரோட்டில் எதையும் முந்துகிற வண்டி அது.

"அண்ணே, ரிப்பேரெல்லாம் முடிஞ்சு இன்னைக்குத்தான் முதல்ல கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போயிட்டு வாரேன். ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு தடவை மிதிச்சேன், நல்லா நின்னுச்சு. மூணாவது தடவை பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு. தப்பிச்சது என் நேரம்."

ராக்கப்பன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். எட்டு மாசத்துக்கு முன் இதே பேச்சை அவன் மச்சினன் ஜெயபாண்டி பேசினான். இந்தப் பட்டறையில் வேலை முடித்த இதே காரை ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனவன், கிருஷ்ணன்கோவிலில் ரோட்டைக் கடந்த சுந்தரபாண்டியத்து வெள்ளத்தாய் மேல் மோதிவிட்டான். கொய்யாக்கூடையோடு விழுந்த அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். யார் நம்பினார்கள்? மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைச் சோதித்தபோது ராக்கப்பனும் கூட நின்றான். எஞ்சினை அணைத்து, பெடலை நாலு தடவை அமுக்கி, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினால், பிரேக் நல்லாயிருக்கிற வண்டியில் பெடல் லேசாக இறங்க வேண்டும். அழகாக இறங்கியது. அப்புறமென்ன, ஜெயபாண்டி பொய்யனாகிவிட்டான். அவனுடைய சொந்த அக்கா, ராக்கப்பனின் மனைவி மாரிச்செல்வியே, "கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டு வண்டி மேல பழியைப் போடுதான்" என்றாள்.

இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவனுக்கு வாய்தா. "ஒத்துக்கோலே, அபராதத்தோட விட்டுருவாக" என்று நேற்று அவனைக் கரைத்ததும் ராக்கப்பன்தான்.

எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் தூக்கினான். பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை எஞ்சின் உறிஞ்சுவதற்கு ஒரு ஹோஸ் உண்டு. அந்த உறிஞ்சல் இருந்தால்தான் பெடல் இளகும். டர்போவின் சூட்டுக்குப் பக்கத்திலேயே அது வளைந்து போகிறது. அந்த வளைவில் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தது.

ஜெயபாண்டி வண்டியை எடுத்துப்போவதற்கு முன் அவன் கையால் மாட்டிய ஹோஸ். பழையது கீறிப்போனபோது சரியான ஹோஸ் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ராஜபாளையத்தில் அதுவரை எவன் காத்திருப்பான்? நூல் மில்லில் கழித்துப்போட்ட காற்று ஹோஸ் பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். ஊரில் தண்ணீர் பாய்ச்சவும் அதுதான், டீசல் இறக்கவும் அதுதான். அம்புட்டுக் காற்றைத் தாங்குகிற ஹோஸ் இதைத் தாங்காதா என்று நினைத்துவிட்டான். அட மடப்பயலே! உள்ளேயிருந்து தள்ளினால் தாங்கும். சூட்டில் இளகிக் கிடக்கும்போது உறிஞ்சினால்?

எஞ்சினை அணைத்தான். செத்த நேரத்தில் ஹோஸ் மெல்ல உப்பி, ஒன்றுமே நடக்காததுபோல் உருண்டையாகிவிட்டது. ஆறிப்போன வண்டியில் அன்றைக்கு ஸ்டேஷனில் செய்த சோதனையை நினைத்தான். வாய்விட்டுத் தன்னையே திட்டினான்.

ஜெயபாண்டியின் போன் அணைந்திருந்தது. மாரிச்செல்வி எடுக்கவில்லை. ஹோஸைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினான்.

கோர்ட்டு வாசலில் மாரிச்செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஒத்துக்கிட்டான். ஒரு வருசம் போட்டுட்டாக" என்றாள்.

ரெண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஜெயபாண்டி படியிறங்கி வந்தான்.

"நீங்க சொன்னபடியே சொல்லிட்டேன் மாமா. எம்புட்டோ யோசிச்சுப் பார்த்தேன். நான்தான் மிதிக்காம விட்டுட்டேன் போல."

ராக்கப்பன் சட்டைக்குள் கையை விட்டான். ஹோஸை வெளியே எடுத்தான்.

"மிதிச்சேலே. நீ மிதிச்சே. இது சப்பிக்கிட்டதால பிரேக் பிடிக்கல. நான் மாட்டுன ஹோஸ். அந்த அம்மா சாவுக்கு நான்தாம்லே காரணம். உள்ள போயி நானே சொல்லுதேன்."

கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான். போலீஸ்காரர் ஜெயபாண்டியின் தோளைப் பிடித்து வேன் பக்கம் நகர்த்தினார். ஜெயபாண்டி ஹோஸைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. மாரிச்செல்வியைப் பார்த்தான்.

"கேட்டியாக்கா?" என்றான்.