கயிற்றில் கட்டிய நீர்மூழ்கி

ஆறு வருடமாகக் கொட்டகையில் ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பல் படுத்துக் கிடந்தால், அதன் மேல் துணி காயப்போடக் கை தானாகப் பழகிவிடும். ஆணிக்கடைக்காரிக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. தன் கையால் செய்த அந்த நீர்மூழ்கியில் ஏறி, பாழாய்க் கிடக்கும் குவாரிக் குளத்தில் இறங்கப்போவதாகக் கணவர் சொன்னபோது அவளுக்குப் பயத்துக்கு முன்னால் அலுப்புதான் வந்தது.

அலுப்பிலும் பேரம் பேச மறக்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வர மூன்று வழி இருந்தால்தான் ஆயிற்று என்று கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் ஒன்றில் ஆரம்பித்தார்: சிலிண்டர் காற்றைத் திறந்தால் தொட்டியில் இருக்கும் தண்ணீர் வெளியேறும், வண்டி மிதந்துவிடும். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டுக்கு இறங்கி வந்தார்: வயிற்றுக்கு அடியில் எண்பது கிலோ இரும்புக்கட்டி, உள்ளேயிருந்து போல்ட்டைக் கழற்றினால் விழுந்துவிடும். அவள் மூன்றிலேயே நின்றாள். கடைசியில் முதுகில் ஒரு ரப்பர் பையை மடித்துக் கட்டி, அதை ஊதத் தனியாக ஒரு குட்டிச் சிலிண்டர் வைத்து, அதைத் திறக்கும் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நிற்கப்போகிறாளே என்று அவருக்கு மானம் போயிற்று.

குளத்துக்கு லாரியில் ஏற்றி வந்தது அவளுடைய தம்பி. வெல்டர், ஆடுகிற நாற்காலியைக் கண்டால் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ச் சரிசெய்கிற ரகம். அக்காவும் தம்பியும் படகில் உட்கார்ந்திருக்க, கணவர் நாற்பதடிக்குப் போய்ச் சேர்ந்ததைப் போன் ஒயரில் பெருமையாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் படகைச் சுற்றிக் குமிழிகள் கொதித்தன. காற்றுக் குழாய் மூட்டு கழன்று, சிலிண்டர் காற்று மொத்தமும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

பதற வேண்டாம், கட்டியை விடுகிறேன் என்றார். போல்ட் கழன்றது. வண்டி அசையவில்லை.

"வெயிட்டு விழ மாட்டேங்குது," என்றார். குரலில் பெருமை இல்லை.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"வர்ற வழியெல்லாம் லொடலொடன்னு ஆடிச்சுக்கா. ஒத்த போல்ட்டுல தொங்குதே, கழண்டு விழுந்துடப் போகுதுன்னு ரெண்டு பொட்டு வெல்டு வச்சேன்."

விழுவதற்கென்றே தொங்கவிட்டதை விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவனை வைய வாழ்நாள் கிடக்கிறது என்று அவள் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்தாள். கீழே ஏதோ டக்கென்று திறந்துகொண்டது.

ரப்பர் பை முதலில் வந்தது. அதன் அடியில், ஒருக்களித்துப் படுத்தபடி நீர்மூழ்கி. மூடியைத் திறந்து தலையை நீட்டிய கணவர், மூச்சு வாங்கி முடித்ததும் மச்சானைத்தான் கேட்டார்.

"கிரைண்டர் இருக்கா? அந்தப் பொட்டு வெல்டைத் தேய்ச்சு விட்டுட்டா இன்னைக்கே இன்னொரு தடவை இறங்கிடலாம்."

"நாலு வழி வேணும்," என்றாள் அவள்.

"மூணுன்னுதானே பேசினோம்?"

"அது நீங்க இறங்கறதுக்கு முன்னாடி பேசினது."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். கயிறு பதிந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. மூன்றரைக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்று வாய்வரை வந்திருக்க வேண்டும், விழுங்கிவிட்டார். தம்பி கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டான். வண்டி பின்னால் மிதந்து வந்தது. அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், கயிற்றை மட்டும் விடவில்லை.