இனாம் தவளைக்கு எத்தனை நட்சத்திரம்

பட்டப்பகலில் குளியலறைக் கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, ஒரு பச்சைத் தவளையின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தேன். சலவைத்தூள் பாக்கெட்டோடு இனாமாக வந்த பிளாஸ்டிக் டார்ச் அது. பேட்டரி கிடையாது. வயிற்றை அமுக்க அமுக்க உள்ளே சக்கரம் சுழன்று இரண்டு கண்ணும் எரியும், விட்டால் அணைந்துவிடும். சத்தமோ, தெருவே எழுந்து உட்காரும். வெளிச்சமோ, எதிரே வந்த கரப்பான்பூச்சி எனக்குக் கண் தெரியவில்லையென்று இரக்கப்பட்டு ஒதுங்கி வழிவிட்டது.

ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என் விளக்கைப் போட்டால் அடுத்த ஸ்டேஷனில் சேவல் கூவும். இப்போது வாங்குகிற பொருளுக்கெல்லாம் செல்போனில் விமர்சனம் எழுதுவதுதான் என் உத்தியோகம். துடைப்பத்தைப் பற்றியே மூன்று பக்கம் எழுதியவன். இனாமுக்கும் நட்சத்திரம் போடச் சொல்லிக் கம்பெனி கேட்டிருந்தது; விடுவேனா?

கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மனைவி படுக்காமல் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். போக்குவரத்துப் போலீஸில் இருந்தவள். வலது கையை நீட்டினால் லாரி என்ன, மழையே நின்றுவிடும். பக்கவாதம் வந்து போனதிலிருந்து அந்தக் கை, கூப்பிடாமல் வந்த விருந்தாளி போல அவள் மடியில் உட்கார்ந்திருக்கிறது. "இப்பவே பழக்கலேன்னா அப்புறம் இந்தக் கை எழும்பவே எழும்பாதும்மா" என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் கெஞ்சி, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். "நான் என்ன கைக்குழந்தையா, பந்து விளையாட?" பந்து ஜன்னல் வழியாகப் பறந்தது. எறிந்தது இடது கை. குறி தப்பவில்லை, எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

குளியலறையை விட்டு வந்து, எழுதியதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "'எரியவே எரியாத டார்ச். ஒரு நட்சத்திரம். அதுவும் தர்மத்துக்கு.' அனுப்பட்டுமா?"

"பொய். கதவுக்கடியில வெளிச்சம் தெரிஞ்சுதே."

"அது என் முகத்தோட பிரகாசம்."

"வாயைத் திறந்தாலே புளுகு. குடுங்க இங்க." இடது கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் சிக்னல் விழுந்தது.

"இடது கை செல்லாது. தவளையோட வந்த அட்டையிலேயே போட்டிருக்கான், வலது கையால அமுக்கினாத்தான் எரியும்னு. சக்கரம் அந்தப் பக்கமாத்தான் சுத்துமாம்."

அட்டையைப் பிடுங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னும் பின்னும் படித்தாள். தவளைப் படத்தையும் சலவைத்தூளின் பெயரையும் தவிர அதில் ஒரு மண்ணும் இல்லை. என்னை ஏறிட்டாள். நான் விட்ட கதைகளை அடுக்கினால் நிலாவுக்கு ஏணி போடலாம்; எதற்கும் என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"ஆமா," என்றாள். "போட்டிருக்கான்."

இடது கையால் வலது கையைத் தூக்கி, தவளையை அதற்குள் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. தவளை விழுந்து நாற்காலிக்கடியில் ஓடியது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி குனிந்தேன். என் முதுகெலும்பு போட்ட சத்தத்தில் தவளையே வெட்கப்பட்டிருக்கும்.

"எரியாதுன்னு அனுப்பிடட்டுமா?"

"அனுப்பினீங்க, போனைப் பிடுங்கித் தொட்டியில போட்டுடுவேன். பேசாம நில்லுங்க."

நின்றேன். போட்டு வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, நடுரோட்டில் மக்கர் செய்யும் வண்டியை முறைப்பது போலத் தன் விரல்களை முறைத்தாள். நெற்றியில் வியர்வை கோடு போட்டது. கட்டைவிரல் அசைந்தது. பிறகு சுண்டுவிரல். நடு விரல்கள் தூக்கத்தில் புரள்கிறவர்கள் மாதிரி மெல்லத் திரும்பின.

'கிர்' என்றது.

தவளையின் ஒரு கண் மட்டும் எரிந்து, கடுகளவு மஞ்சள் வெளிச்சம் அவள் புடவை மடிப்பில் விழுந்து அணைந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவள் பார்க்கவில்லை. விரல்கள் மறுபடி மூடத் தொடங்கியிருந்தன.