வாட்ச் ஒத்துக்கொள்ளாத தூக்கம்

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவர் போய்த்தான் உயிர் கொடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதர், மகன் தூக்கத்தையும் நடையையும் கணக்கெடுத்துச் சொல்லும் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டதிலிருந்து, தான் நன்றாக இருக்கிறோமா என்பதையே அதனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கண் விழித்ததும் மணிக்கட்டைப் பார்ப்பார். நல்ல தூக்கம் என்று அது போட்டிருந்தால் அன்றைக்குச் சிரிப்பும் பேச்சும் உண்டு. இல்லையென்றால் பொழுது சாயும்வரை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார். விடிய விடியக் குறட்டை விட்டீர்களே, அதில் எனக்கல்லவா தூக்கம் போச்சு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். குறட்டை வேறு, தூக்கம் வேறு என்று வாயை அடைத்துவிட்டார்.

கொஞ்ச காலமாக வாட்ச் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வாரக்கணக்கில் ஆயிற்று.

அன்று லீவு நாள். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். யாரோ செய்தி அனுப்ப அனுப்ப, கையில் வாட்ச் துடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்காவது மனிதர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவள் அதை மெல்லக் கழற்றினாள். சும்மா வைத்தால் கழற்றியதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் தன் கையில் கட்டிக்கொண்டு, பாதியில் விட்ட தலையணை உறைகளைத் தைக்க உட்கார்ந்தாள். அவர் புரளும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் திரும்ப மாட்டிவிட்டாள்.

எழுந்தவர் சோம்பல் முறித்தார். சிரித்தார்.

"அப்பா, என்ன தூக்கம். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. காப்பி போடு, ரெண்டு பேரும் எங்கயாச்சும் காலாற நடந்துட்டு வரலாம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் காப்பியோடு வந்தபோது அவர் வாட்சைப் பார்த்தபடி மறுபடியும் படுத்திருந்தார்.

"நான் தூங்கவே இல்லையாம். இவ்வளவு நேரமும் நடந்துக்கிட்டு இருந்தேனாம்."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அது நீங்க இல்ல. நான்தான் கட்டிக்கிட்டு மிஷின் மிதிச்சேன். என் கை ஆடினதை நடைன்னு நினைச்சிடுச்சு."

"என்னைத் தேத்துறதுக்கு நீ எதையாவது சொல்லுவ."

தைத்த உறைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். நூல் கோத்தபடியே நின்ற மிஷினை வந்து பார்க்கச் சொன்னாள். இப்போதுதானே சிரித்தீர்கள், உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று உங்கள் வாயால்தானே சொன்னீர்கள் என்று கெஞ்சினாள்.

"அது தூக்கக் கலக்கத்துல சொன்னது. உனக்காவது என் மேல பாசம். இந்த வாட்சுக்கு என்கிட்ட பொய் சொல்ல என்ன அவசியம்?"



"இப்பதான் தெரியுது, காலெல்லாம் கடுக்குது" என்று அவர் முனகினார். முகம் நிஜமாகவே வலியில் சுருங்கியிருந்தது.

மிதித்துக் களைத்த தன் கால்களை மடக்கி உட்கார்ந்து, அவள் அவருடைய காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.