பௌர்ணமிக் கருவாடு

தென்றலின் வீட்டில் மாதத்துக்கு ஒரு முறை கருவாடு வறுப்பார்கள். அந்த ஒரு நாள் பௌர்ணமி.

ஊரே குளித்து முழுகி மலையைச் சுற்றும் நாளில் கருவாடா என்று கேட்டால், அந்த நாளில்தான் முடியும். மாடியில் இருந்த வீட்டுக்காரர் ராமகிருஷ்ணனும் அவர் மனைவி கஸ்தூரியும் மகள் ஆர்த்தியும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கிரிவலம் கிளம்பினால் திரும்பிவர ஐந்து மணி நேரமாவது ஆகும். தெருமுனையில் அன்னதானக்காரர்களின் அண்டா கொதிக்கும். சாம்பிராணி, கற்பூரம், சுண்டல் தாளிப்பு, நடந்து வந்தவர்களின் வியர்வை எல்லாம் சேர்ந்து தெருவை மூடிவிடும். அந்த மூட்டத்துக்குள் ஒரு பிடி நெத்திலியின் வாசனையை யார் பிரித்தெடுப்பது?

குடிவந்த அன்று கஸ்தூரி இரண்டு கேள்விகள்தான் கேட்டாள். சைவம்தானே? ஊரில் எந்தத் தெரு? ஷேர் ஆட்டோ ஓட்டும் தென்றலின் அப்பா முருகவேல் இரண்டுக்கும் பொய் சொன்னார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊரில் அவர்கள் வீடு காலனியில் இருந்தது. பெரிய தெரு என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் ஏழு வீடுகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்திருந்தார். அந்த ஏழு வீட்டுக்காரர்களுக்கும் திடீரென்று வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் குடிவருவதாக இருந்தது.

ஆகவே தென்றல் அந்த வீட்டை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் போலத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஆர்த்தியும் அவளும் ஒரே வகுப்பு, ஒன்பதாவது. டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுகூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் திறப்பாள்.

அந்த வருடம் நூலக வகுப்புக்கு வேதா மிஸ் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துப் படித்து, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தால்கூட அவருக்கு வேறெங்கோ பனி பெய்வது போலத் தெரியும். பாதிப் பாடத்தில் நின்றுவிடுவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. தென்றலுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒருநாள் அவர் கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே எல்லாப் பக்கமும் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் படக்கதையா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. இதை வரைந்த அம்மாள் ஒரு யூதப் பெண், உங்கள் வயதில் அவளுக்கு நடந்ததை எண்பது வயதில் வரைந்திருக்கிறாள் என்றார். நாஜிகள் என்று ஒரு கூட்டம் ஆட்சிக்கு வந்ததையும், யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டியிருந்ததையும், தெருத் தெருவாகப் பட்டியல் எடுத்ததையும், ரயிலில் ஏற்றியதையும் சொன்னார். அறுபது லட்சம் பேர் செத்தார்கள் என்றார்.

"தீபத்துக்கு வர்ற கூட்டத்தவிட ஜாஸ்தியா மிஸ்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஜாஸ்திம்மா."

பிறகு ஆர்த்தி எழுந்தாள். "அவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு மிஸ் ஒளியணும்? நாங்க அவங்க இல்லைன்னு ஒரு பொய் சொல்லிட்டா போச்சு."

"சொல்லலாம். ஆனா சொன்னதுக்கு அப்புறம் தினமும் அந்தப் பொய்க்கு உள்ளயே குடியிருக்கணுமே" என்றார் மிஸ்.

தென்றல் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணின் குடும்பம் ஒரு மாவு மில்லின் பரணில் ஒளிந்திருந்தது. தம்பிக்கு வந்த இருமல் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. இருமினால் கீழே கேட்டுவிடும். பக்கத்தில் ஒரு மாதா கோவில் இருந்தது. மணிக்கு ஒரு தடவை அதன் மணி அடிக்கும். நான்கு பேரும் இருமலை நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்து, மணி அடிக்கும்போது மட்டும் சேர்ந்து இருமுவார்கள். மிஸ் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். மணியின் பெரிய வளையங்களுக்குள் நான்கு வாய்கள் திறந்திருந்தன.

தென்றல் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். இது அவள் வீடு. மணிக்குப் பதிலாகப் பௌர்ணமி, அவ்வளவுதான்.

அடுத்த வாரத்துக்குள் நீங்கள் மறைத்து வைத்திருக்கும் ஒன்றை நான்கு கட்டத்தில் வரைந்து வாருங்கள் என்றார் மிஸ். நினைவுக்கதை என்றால் உண்மை. ஒரு கோடு பொய்யாக இருந்தாலும் அது செத்துவிடும். நான் மட்டும்தான் பார்ப்பேன், சத்தியம் என்றார்.

தென்றல் மூன்று நாள் வரையாமல் இருந்தாள். நான்காம் நாள் ஒரே மூச்சில் வரைந்தாள். முதல் கட்டத்தில் மலையும் நடக்கும் கால்களும். இரண்டாவதில் அம்மா அன்புச்செல்வி வாசற்கதவின் அடியில் ஈரத்துணியைத் திணிக்கிறாள். மூன்றாவதில் வாணலி, அதில் நெத்திலி, பின்னால் மயில் போட்ட ஜன்னல் கம்பி. நான்காவதில் மூன்று பேரும் விளக்கைப் போடாமல் குனிந்து சாப்பிடுகிறார்கள். யாருக்கும் முகம் இல்லை. முகம் வரையாதது அவளுடைய ஜாக்கிரதை. மயில் கை தவறி வந்தது. கஸ்தூரி சொல்லிச் செய்த ஜன்னல் அது. திருவண்ணாமலையில் வேறெங்கும் கிடையாது என்று அவளே வருகிறவர்களிடம் சொல்வாள்.

தாளின் பின்பக்கம் தென்றல் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று தாழ்வாரத்தில் நுழைந்ததும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. சுவரில் கறுப்பு அட்டை ஒட்டி, நடுவில் அவள் படம். கீழே மிஸ்ஸின் அழகான கையெழுத்தில் பெயர், வகுப்பு. சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் படங்கள்: ஒளித்துவைத்த மார்க் ஷீட், திருடித் தின்ற ஹார்லிக்ஸ். வேதா மிஸ் சத்தியத்தை மறக்கவில்லை. இரண்டு இரவு யோசித்தாராம். இவ்வளவு நல்ல படத்தை ஒரு மேஜை டிராயருக்குள் பூட்டி வைப்பதுதான் பெரிய பாவம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கிழித்துவிடலாம் என்று தென்றல் கையை எடுத்தபோது கஸ்தூரி வந்துவிட்டாள். கூடவே ஆர்த்தி. இரண்டடி பின்னால் அன்புச்செல்வி.

கஸ்தூரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மயிலைப் பார்த்தாள். பிறகு வாணலியைப் பார்த்தாள். "இது நம்ம ஜன்னல் இல்ல?" என்றாள்.

அன்புச்செல்வி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைத் தென்றல் அதற்கு முன் அம்மாவின் முகத்தில் கண்டதில்லை. "ஜன்னலப் பாத்து வரைஞ்சிருக்கா க்கா. மீதியெல்லாம் கதை. டிவில எதனா பாத்திருப்பா."

கஸ்தூரி யோசித்தாள். அவளுக்கும் அது கதையாக இருந்தால் நல்லது. நல்ல குடித்தனம், வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண், பேச்சு மூச்சு வெளியே கேட்காது. "பசங்க இந்தக் காலத்துல எதெதுவோ வரையுதுங்க" என்று சொல்லி, அடுத்த படத்துக்குத் திரும்பினாள். தென்றல் மூச்சை விட்டாள்.

வேதா மிஸ் அந்தப் பக்கமாக வந்தார். கதை என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது.

"கதை இல்லைங்க" என்றார், முகமெல்லாம் மலர. "இதுல ஒரு கோடுகூடப் பொய் இல்ல. தென்றல், நீயே சொல்லும்மா."

"பொய் மிஸ்" என்றாள் தென்றல்.

மிஸ் அவள் தோளைத் தடவிக் கொடுத்தார். உண்மைக்கு வெட்கப்படக் கூடாது என்றார். படத்தின் ஓரத்தைத் தூக்கி, பின்பக்கத்தை விரலால் நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"இது எங்க வீட்டுல சத்தியமா நடக்கிறது மிஸ். யாருக்கும் காட்டாதீங்க."

வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கடைசி வரிதான் எத்தனை அழகு என்று யாரிடமோ சொன்னார்.

கஸ்தூரி கத்தவில்லை. அன்று மாலை ராமகிருஷ்ணன் இறங்கி வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று மரியாதையாகச் சொன்னார். பௌர்ணமிக்குள் காலி செய்தால் நல்லது. முருகவேல் அதைக் கேட்பது எட்டாவது தடவை.

தென்றலின் பெயர் பள்ளியில் நெத்திலி ஆனது. அவள் வரும்போது பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "பௌர்ணமி எப்போடி?" என்று ஆர்த்தி கேட்டாள், அதற்குச் சிரிக்காதவர்கள் இல்லை. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்த்தி வாரக் கடைசியில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போதே கஸ்தூரி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு இறங்கிவந்தாள். அன்புச்செல்வி கடைசிப் பாத்திரத்தை எடுத்ததும் கஸ்தூரி சமையலறையில் தண்ணீரைக் கொட்டினாள். அது வழிந்து வந்து தென்றலின் பாதத்தை நனைத்தது.

"கருவாடு போவட்டும் அன்பு. கழுவுனா போய்டும்" என்றாள் கஸ்தூரி, துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே. "எந்தத் தெருன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நீ என்னை அக்கான்னு கூப்பிட வுட்டிருப்பனா?"

காலனி என்று அவளுக்கு யார் சொன்னது என்று தென்றலுக்குத் தெரியவில்லை. ஒரு பொய் விழுந்தால் மற்றதைத் தேடிப் பிடிக்க இரண்டு போன் போதும்.

புது வீடு ஊருக்கு வெளியே, செம்மண் பாதை முடியும் இடத்தில் இருந்தது. அங்கேயும் இரண்டு கேள்விகள். அங்கேயும் இரண்டு பொய்கள். ஆனால் கிரிவலக் கூட்டம் அந்தப் பக்கம் வராது. வீட்டுக்காரக் கிழவர் எங்கும் நடப்பதுமில்லை, எந்த வாசனையும் இல்லாத காற்று நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. மிஸ் இரவல் கொடுத்த கறுப்புப் புத்தகத்தில் தென்றல் அதற்குள் மேலும் முப்பது பக்கம் படித்திருந்தாள். பீரங்கி செய்வதற்காக அந்த மாதா கோவில் மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பக்கத்தில் தம்பியின் வாயை அம்மா தலையணையால் பொத்துகிறாள். தென்றல் அங்கேயே மூடிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேதா மிஸ் எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தார். தாழ்வாரத்தில் அவளை அணைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையும் வரைம்மா. உனக்குள்ள ஒரு புத்தகமே இருக்கு" என்றார்.

மறுநாள் தென்றல் நான்கு கட்டம் வரைந்து கொண்டுபோனாள். ஒன்றில் கோலம். ஒன்றில் சாம்பார் கொதிக்கிறது. ஒன்றில் அப்பா, அம்மா, மகள் மூவரும் கை கூப்பி மலையைப் பார்க்கிறார்கள். கடைசியில் திறந்த ஜன்னல். அதில் மயில் இல்லை, நேர்க்கம்பிகள்தான்.

மிஸ் வெகுநேரம் பார்த்தார். "இதுல உயிரே இல்லையே தென்றல். உண்மை மாதிரி இல்ல."

"உண்மைதான் மிஸ்."

தாளை அவர் சுவரில் ஒட்டவில்லை, அவளிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் அன்புச்செல்வி அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். சாம்பாரைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"இத ஒட்டச் சொல்லு" என்றாள். "எந்தச் செவுத்துல வேணும்னாலும் ஒட்டட்டும்."