மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பைன் மரம்

சவப்பெட்டியை இழுவைப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை இர்யா மூன்றாம் முறையாக அவிழ்த்து, மறுபடியும் இறுக்கினாள். பலகையின் மறுமுனை அவளுடைய பனிவண்டியின் கொக்கியில் மாட்டியிருந்தது.

"போதும்டி, எத்தனை தடவை கட்டுவே? உங்கப்பா எந்திரிச்சா ஓடப்போறாரு?" என்றாள் அம்மா லெம்பி. சொன்ன கையோடு கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்தில் கறுப்புக் கோட்டோடு நின்ற எட்டுப் பேரும் தங்கள் சறுக்குக் கட்டைகளைக் குனிந்து பார்த்தார்கள். சர்ச்சிலிருந்து வந்த கறுப்பு வண்டி பெட்டியை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிப் போயிருந்தது. வில்ஹோ கெம்பைனென் போன அக்டோபரிலேயே தன் வரைபடத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: என்னைத் தார்ச்சாலையில் கொண்டுபோக வேண்டாம், என் தடத்தில் கொண்டுபோங்கள். இர்யா போனில் இதைப் படித்துக் காட்டியதும் பாதிரியார் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தால் சரி என்றார். வில்ஹோவின் பிடிவாதம் சர்ச் வரைக்கும் தெரிந்த சங்கதிதான்.

முப்பது வருடம் அந்த வட்டாரத்துக்குப் பனிச்சறுக்குத் தடங்கள் போட்டுக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் நகராட்சி அவரை விடவில்லை. கோர்பிவாரா குன்றில் புதிதாக ஏழரை கிலோமீட்டர் வட்டத்தடம் வேண்டும் என்றது. இரவில் எரியும் விளக்குகள், கார் நிறுத்தும் இடம், கட்டைகளுக்கு மெழுகு பூச ஒரு குடில், ஒரு காப்பிக்கடை. குடிலுக்கும் கடைக்கும் வில்ஹோ தன் பழைய மாட்டுக் கொட்டகையையே எழுதிக் கொடுத்தார். இடம் எல்லாம் அமைந்துவிட்டது, கோடு மட்டும் அமையவில்லை. எங்கே வரைந்தாலும் ஓரிடத்தில் ஏற்றம் முழங்காலை உடைத்தது. நான்கு வருடம் தேடி, ஒரு நாள் கல்லறைத் தோட்டத்தின் பின்புறத்திலிருந்து தன் வீட்டு முற்றம் வரைக்கும் வட்டத்தின் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கோட்டைக் கண்டுபிடித்தார். சதுப்பைத் தொட்டும் தொடாமலும், முகட்டை ஒட்டி, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று.

அன்று லெம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள். "இது பொணப்பாதைங்க. ரோடு வர்றதுக்கு முந்தி எல்லாரையும் இதுலதான தூக்கிட்டுப் போனாங்க."

"அதனாலதான் நல்லா இருக்கு. பொணத்தைத் தூக்கினவன் முட்டாள் இல்ல. ஏத்தம் எங்க கொறச்சலோ அங்கதான் போயிருப்பான். நான் நாலு வருஷம் கம்ப்யூட்டர்ல தேடினதை அவன் தோள்வலியிலயே கண்டுபிடிச்சுட்டான்," என்றார் வில்ஹோ.

"அந்த மரங்க?"

அந்தப் பாதை நெடுக, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பைன் மரம் இருந்தது. கீழ்க்கிளைகளைக் கழித்து, தண்டில் செத்தவரின் பெயரெழுத்தையும் வருடத்தையும் வெட்டிவிடுவார்கள். கர்சிக்கோ என்று பெயர். புதைத்தவர் எழுந்து வீட்டு ஞாபகத்தில் நடந்து வந்தால், வழியில் தன் பெயரைப் படிப்பார், தான் செத்துப்போனது அப்போதுதான் அவருக்கு உறைக்கும், திரும்பிப் போய்விடுவார். அப்படிப் பதினொரு மரங்கள் தடத்தின் ஆறு மீட்டர் அகலத்துக்குள் விழுந்தன. பிப்ரவரியில் வில்ஹோ பதினொன்றுக்கும் சிவப்பு நாடா கட்டினார். மரம் வெட்டும் தௌனோ பதினொன்றையும் சாய்த்தான்.

"கல்லறையிலேருந்து நம்ம வீட்டுக்கு வழி போட்டாச்சு. ஒத்தைத் திசைத் தடம்னு அம்புக்குறியும் நம்ம வீட்டைப் பாத்துப் போட்டாச்சு. வழி தவறிடக் கூடாதுன்னு விளக்கு வேற. ரொம்ப நல்லது," என்றாள் லெம்பி. அதன் பிறகு இரண்டு வாரம் அவள் புருஷனுக்குக் காப்பி வைத்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது பெட்டி அதே தடத்தில், அம்புக்குறிகளுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது. இர்யா அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை நடை வேகத்தில் ஓட்டினாள். மார்ச் கடைசி, வானமும் தரையும் ஒரே வெள்ளை, எதற்கும் நிழல் இல்லை. பின்னால் கட்டைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் எட்டுப் பேர்தான். ஆனால் காதுக்கு ஒன்பது பேர் வருவது போலிருந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில், கல்லறைப் பக்கம் இறங்கும் சரிவின் தலைப்பில், லெம்பி மகளின் தோளைத் தட்டினாள். வண்டி நின்றது. வலப்பக்கம் நடுத்தர வயதுப் பைன் ஒன்று தனியாக நின்றது.

"இது தடத்துக்கு வெளிய இருக்கு, அளந்துட்டேன். இதையாவது விட்டு வைப்பானுங்க," என்றாள் லெம்பி. "தௌனோ, கிளையைக் கழி. இர்யா, எழுத்து நீதான் வெட்டணும். அவருக்கு வேற யாரு இருக்கா?"

தௌனோ தலை உயரத்துக்குக் கிளைகளைக் கழித்தான். பாட்டில் கை மாறியது. ஆளுக்கு ஒரு மடக்கு. இர்யா இடுப்புக் கத்தியை உருவிப் பட்டையில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

இந்தச் சரிவின் அடியில்தான் தௌனோ அப்பாவைக் கண்டுபிடித்தான். வெட்டிய மரத்தின் கட்டையில் உட்கார்ந்தபடி, கோல் பக்கத்தில் செங்குத்தாக நிற்க, மீசையில் பனி. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் இர்யாவுக்குப் போன் செய்திருந்தார். "மூணாவது கிலோமீட்டர் ஏத்தம் சரியா இருக்கான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. என் கையை வச்சு ஒண்ணும் தெரியல. நீ ஒரு தடவை ஏறிப் பாத்துச் சொல்லேன்." இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கவாதத்தில் அவருக்கு இடது கை விழுந்துவிட்டது; வலது கையில் ஒற்றைக் கோலோடுதான் சறுக்குவார். வண்டியின் பெல்ட் அறுந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள் இர்யா. பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனால் நாள் முழுக்க அவர் தடத்தைப் பற்றியே பேசுவார், ஒரு ஞாயிறாவது சோபாவில் கிடப்போம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவர் தனியாகப் போய்விட்டார்.

"பிசின் உறைஞ்சு கெடக்கும்மா. கத்தி எறங்கல. நாளைக்கு உளி கொண்டுவந்து வெட்டுறேன்," என்றாள்.

"பெட்டி தாண்டுறதுக்கு முந்தி வெட்டணும்டி."

"நாளைக்கு வெட்டுறேன்மா."

லெம்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, "சரி, ஓட்டு," என்றாள்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சால்மன் சூப்பும் ஏலக்காய் பன்னும் பரிமாறினார்கள். நகராட்சியின் விளையாட்டுச் செயலாளர் யார்க்கோ தட்டோடு வந்து இர்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேக்கக் கூடாத நேரம்தான், தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சனிக்கிழமை தடத்தைத் திறக்கணும். அப்பா கோப்புல எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு, மூணாவது கிலோமீட்டருக்கு மட்டும் இல்ல. 'இர்யா பார்த்துச் சொல்ல வேண்டும்'னு பென்சில்ல எழுதி வச்சிருக்காரு."

இர்யா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாக்குறேன்," என்றாள்.

அன்று இர்யா அம்மாவின் வீட்டிலேயே படுத்தாள். காலையில் வெளுத்ததும் வண்டியின் பின்னால் சமன் செய்யும் கலப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். உளி சட்டைப்பையில் இருந்தது. மரத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. அவளுக்குள் ஓடியது ஒரே எண்ணம்: அப்பா ஒரு தடவை வரட்டும். ஒரே ஒரு தடவை. பெல்ட் அறுந்தது பொய் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் சமன் செய்து, மதில் ஓரம் வண்டியை அணைத்துவிட்டுக் கலப்பையில் ஒட்டிய பனியைத் தட்டினாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பாவின் கல்லறை மேட்டுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வண்டியைத் திருப்பியபோது, சற்றுமுன் அவள் சீவி வைத்த பனியின் மேல் ஒரு சறுக்குத் தடம் போயிருந்தது. இரண்டு கட்டைகளின் கோடு, பக்கத்தில் கோல் குத்திய குழிகள். குழிகள் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் பனி அப்படியே வழவழவென்று கிடந்தது.

இர்யா அந்தக் கோட்டின் மேல் ஏறாமல் ஓரமாகவே ஓட்டினாள். ஏற்றத்தின் அடியில் குழிகள் நெருக்கமாயின. ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கியது தெரிந்தது. கிளை கழித்த பைனை அந்தத் தடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. வெற்று மரத்தில் படிக்க என்ன இருக்கிறது? நேராக வீட்டு முற்றத்துக்குப் போய்ப் படிக்கட்டின் அடியில் நின்றது. அங்கிருந்தே இன்னொரு கோடு திரும்பி, வந்த வழியே போயிருந்தது. வரும்போது அவள் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை, எதிரே யாரும் வரவும் இல்லை.

லெம்பி சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் காப்பி தொடப்படாமல் ஏடு கட்டியிருந்தது.

"வெட்டலையாடி நீ?"

இர்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டலாம்னுதான் நெனச்சேன்," என்றாள் லெம்பி. "கதவைத் திறந்தா, உங்கப்பா வழக்கமா நிக்கிற எடத்துல நிக்கிறாரு. மூஞ்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயம்கூட வரல எனக்கு. 'இர்யா வந்துட்டாளா, செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொன்னாளே'ன்னு கேட்டாரு. இன்னும் வரலன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? 'அப்ப நான் போயி ஏத்தத்துகிட்ட நிக்கிறேன்'னு கெளம்பிட்டாரு." அவள் கை கோப்பையை வட்டமாகத் திருப்பிக்கொண்டே இருந்தது. "அவருக்குத் தெரியலடி. செத்துப்போனது அவருக்குத் தெரியவே இல்ல. நீ சொல்ல வேண்டியதை நீ வெட்டாம விட்டா, அந்த மனுஷன் தெனமும் வந்து கேப்பாரு, தெனமும் போயிக் குளிர்ல நிப்பாரு."

ஒரு தடவை வரட்டும் என்று ஆசைப்பட்டது இர்யா. அந்த ஆசைக்காகப் பனியில் நிற்பது அவர். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

அவள் பனிவண்டியை எடுக்கவில்லை. கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த கட்டைகளை மாட்டிக்கொண்டு, இரண்டு கோல்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முன்னால் போயிருந்த ஒற்றைக் கோல் குழிகளைப் பார்த்தபடியே போனாள். அவை மரத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி, அடியில் வெட்டிய மரக்கட்டையின் பக்கம் முடிந்திருந்தன. கட்டையில் யாரும் இல்லை. அதன் மேல் மூடியிருந்த பனியில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருந்தது.

இர்யா அங்கேயே திரும்பி ஏற்றத்தில் ஏறத் தொடங்கினாள். பந்தயத்தில் ஏறுகிறவள் போல, முழு மூச்சாக. பாதியில் தொடை எரிந்தது. அதற்கு மேல் சரிவு தானாகவே தணிந்து, காலுக்கு இதமாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. முப்பது வருட அனுபவம் எந்த இடத்திலும் தவறியிருக்கவில்லை.

மரத்தடியில் கட்டைகளைக் கழற்றிவிட்டு உளியை எடுத்தாள். முதலில் வி. உளியின் தலையைக் கத்திப் பிடியால் அடித்தாள்; பட்டை சில்லுச் சில்லாகத் தெறித்தது. அடுத்து கெ. பிறந்த வருடத்தை வெட்டும்போது கீழிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கட்டை உரசும் ஓசை, ஒரு குத்து, உரசல், ஒரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் இடையில், ஏற்றத்தில் வயதான மூச்சு ஒன்று இரைத்தது.

அவள் திரும்பவில்லை. செத்த வருடத்தின் முதல் எண்ணை வெட்டினாள். இரண்டாவது. கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு மூன்றாவது. நான்காவது எண்ணின் கடைசிக் கோடு முடிந்தபோது சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. காற்றில் லேசாகக் கட்டை மெழுகின் வாடை அடித்தது.

"பெல்ட்டுக்கு ஒண்ணும் ஆகலப்பா. நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள் மரத்தைப் பார்த்தே.

பின்னால் மூச்சு மெல்லச் சீராகிக்கொண்டு வந்தது.

"ஏத்தம் சரியா இருக்குப்பா. இப்பத்தான் ஏறினேன். எதையும் மாத்த வேணாம்."

உளியால் எழுத்துகளின் மேலிருந்த தூசியைச் சுரண்டி எடுத்தாள். கையுறையால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு, பின்னால் நிற்பவருக்கு எழுத்தை மறைக்காமல், மரத்தை விட்டு இடப்பக்கமாக ஓரடி தள்ளி நின்றாள்.