ஊசி போட்ட மறுநாள்

மருமகள் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள்தான் அந்த வீட்டில் கனமான வேலையெல்லாம் வரிசைகட்டி நிற்கும். துவைக்காத போர்வைகள், நகர்த்த வேண்டிய பீரோ, படுக்கையில் கிடக்கும் மாமனாருக்குத் தலைக்குக் குளியல். வலியில்லாத நாளை வீணாக்கலாமா? யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

மருமகள் தையற்காரி. மிஷினில் குனிந்தே கழுத்து போனது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபின் அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பும் போனது. தாங்க முடியாதபோது முதுகில் ஊசி. முதல் ஊசி பல மாதம் தாங்கியது. போன ஊசியோ ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இப்போது வலது கால் வேறு மரத்துப்போகிறது.

கணவன் கிடங்கில் மேற்பார்வையாளர். கெட்டவன் இல்லை. ஊசி போடும் நாளில் விடுப்பு எடுத்துக் கூடவே வருவான். மனைவியை யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அன்று டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இப்ப ஊசி வேண்டாம்."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். ஊசி போட்டாதான் இவ எழுந்து வேலையே பார்ப்பா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "ஊசி வலியைத்தான் கொறைக்கும். உள்ள நரம்பு அழுந்திட்டேதான் இருக்கு. வலி கொறையற நாள்ல பயிற்சி செஞ்சு முதுகைத் தேத்தணும், அதுக்குத்தான் போடறோம். நீங்க என்னம்மா செய்யறீங்க?"

"வேலை சேர்ந்து கெடக்கும் டாக்டர், படுத்திருக்கற மாமனாரையும் குளிப்பாட்டணும். எல்லாத்தையும் முடிச்சுடுவேன்."

"பெரியவரை யார் தூக்கறது?"

"நான்தான்."

"தனியாவா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"இப்படியே போனா கால் விழுந்துடும். அப்புறம் உங்க வீட்ல இன்னொரு படுக்கை போடணும்" என்றார் டாக்டரம்மா. பயிற்சிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழக்கத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமனாரின் கட்டிலுக்குப் போனாள். அவரைச் சாப்பிட உட்கார வைக்க வேண்டும்.

"நீ தள்ளு" என்றான் கணவன்.

அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். பாதியில் இடுப்பு சுரீரென்றது. அவர் பாரமெல்லாம் அவன் கழுத்தில் தொங்கியது. ஒருவழியாக நாற்காலியில் உட்கார வைத்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. அப்பா பரிதாபமாக விழித்தார்.

கிடங்கில் இதைவிடச் சின்ன மூட்டையை ஒருவன் தனியாகத் தூக்கினாலே, "இன்னொரு ஆள் எங்கடா?" என்று கத்துகிறவன் அவன். வீட்டில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வலிக்குதாங்க?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வியை அவன் அவளிடம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அண்ணிக்கு ஊசி போட்டாச்சா? நாளைக்கு நாங்க வீடு மாத்தறோம். சாமான் கட்ட அண்ணியை அனுப்பி வைக்கிறியா?"

"ஊசி போடல. போட்டிருந்தாலும் அனுப்ப மாட்டேன்."

"ஏண்ணா, கோவமா?"

"உன்மேல இல்ல, என்மேலதான். வலி அவளுக்கு, ஊசியும் அவளுக்கு, சுகம் மட்டும் நமக்கா? அவ முதுகு தேறணும்னா ஊசி மட்டும் போதாது, அவ சுமையை நாம வாங்கிக்கணும். வீடு மாத்தி முடிச்சதும் இங்க வா. நீயும் நானும் சேர்ந்து தூக்குவோம். அவர் உனக்கும் அப்பாதான்."